பாடல்: மரபு, பணம்: மற்றவர்

புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கருங்கல் தூண்களுக்குக் கீழே நின்று படம் எடுத்துக்கொள்ளாத சுற்றுலாப் பயணி இல்லை. அந்தத் தூண்கள் புதுச்சேரியைச் சேர்ந்தவை அல்ல. செஞ்சிக் கோட்டைக்குள் இருக்கும் வெங்கட்ரமணர் கோயிலிலிருந்து 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்கள் பெயர்த்துக்கொண்டு போனவை. செஞ்சியில் இருக்கும் எதையும் யாரும் தூக்கிக்கொண்டு போகலாம் என்ற நம்பிக்கைக்கு வயது இருநூற்றைம்பதுக்கு மேல்.

2025 ஜூலையில் எங்கள் கோட்டைக்கு யுனெஸ்கோ உலக மரபுச் சின்னம் என்ற பெருமை வந்தது. எந்தத் தலைப்பில் தெரியுமா? மராட்டிய ராணுவ நிலவமைப்புகள். பட்டியலில் 12 கோட்டைகள். 11 மகாராஷ்டிரத்தில், ஒன்று இங்கே. முதல் கல்லை வைத்தவர் ஆனந்தக்கோன் என்ற இடையர் என்று ஊர் சொல்கிறது. அதை வளர்த்து மதிலும் மண்டபமும் எழுப்பியவர்கள் நாயக்கர்கள். சிவாஜி பிடித்தது 1677-ல், முகலாயரிடம் மராட்டியர் இழந்தது 1698-ல். இருபத்தோரு வருடம் குடியிருந்தவர் பெயரில் பட்டா வந்துவிட்டது. ஆடு மேய்த்தவன் பெயர் வழக்கம்போல அடிக்குறிப்பில்.

நகர்த்த முடியாத மலைக்கே இந்தக் கதி என்றால், வாயிலிருந்து வாய்க்குப் போகும் பாட்டின் கதியைக் கேட்கவா வேண்டும்?

கொஞ்ச காலமாகத் தமிழ்நாட்டு ஊர்களின் மீது ஒரு புதுப் படையெடுப்பு நடக்கிறது. குதிரை இல்லை, டெம்போ டிராவலர். பீரங்கி இல்லை, டிரம் செட். வருபவர்கள் ராக் இசைக்காரர்கள். கல்லூரிக் காலத்தில் மண்டையோடு போட்ட கறுப்புச் சட்டையோடு ஐ.ஐ.டி.யின் சாரங் விழா மேடையில் ஆங்கிலத்தில் அலறியவர்கள். முப்பதைத் தாண்டியதும் அவர்களுக்குத் திடீரென்று மண்வாசனை அடிக்கிறது. கிட்டாரின் மேல் ஒரு துண்டு, நெற்றியில் ஒரு கீற்று, பின்னணியில் ஒரு பனைமரம், பனைமரத்துக்குக் கீழே வாய் திறக்காமல் உட்கார ஒரு கிழவி. கிழவியின் சுருக்கங்களை ட்ரோன் அழகாகப் படம் பிடிக்கும். கிழவியின் பாட்டை மைக் அழகாகப் பதிவு செய்யும். கிழவியின் வங்கிக் கணக்கு எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளத்தான் அந்த வண்டியில் ஒரு பேனா இருக்காது.

இதை நாம் கண்டுபிடித்ததாகப் பெருமைப்படவும் வழியில்லை. அமெரிக்காவில் இது பழைய தொழில். நியூ ஜெர்சியின் பான் ஜோவி ராக் குழு 2006-ல் அந்த நாட்டுக் கிராமிய இசையான கன்ட்ரியின் தரவரிசையில் முதலிடம் பிடித்தது. ஹூட்டி அண்ட் தி ப்ளோஃபிஷ் என்ற ராக் குழுவில் பாடிய டேரியஸ் ரக்கர் 2008-ல் அந்தப் பக்கம் போனார். ராப்பிலும் ராக்கிலும் சம்பாதித்த போஸ்ட் மலோன் 2024-ல் ஒரு கன்ட்ரி ஆல்பமே போட்டார். விற்பனை எங்கே விரிகிறதோ அங்கே வேரும் தென்படும் என்பது அந்த ஊர் தாவரவியல்.

அங்கேயும் வாசலில் ஆள் பார்த்துத்தான் விடுகிறார்கள். சார்லி பிரைடுக்குப் பிறகு ஒரு கறுப்பினத் தனிப்பாடகர் அந்தத் தரவரிசையின் உச்சிக்கு வர 25 ஆண்டு ஆயிற்று, ரக்கர்தான் அவர். 2019-ல் லில் நாஸ் எக்ஸ் என்ற கறுப்பின இளைஞரின் பாட்டைப் போதுமான அளவு கன்ட்ரி இல்லை என்று பில்போர்டு தன் கன்ட்ரி பட்டியலிலிருந்து நீக்கியது. பியான்சேயின் 2024 ஆல்பத்துக்கு நாஷ்வில்லின் கன்ட்ரி சங்க விருதில் ஒரு பரிந்துரைகூடக் கிடைக்கவில்லை. அதே ஆல்பம் அடுத்த பிப்ரவரியில் கிராமியின் ஆண்டின் சிறந்த ஆல்பம் ஆனது. இத்தனைக்கும் கன்ட்ரி இசையின் அடையாளமான பாஞ்சோ, அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களோடு கடல் கடந்த கருவி.

இன்னும் பின்னால் போனால் லெஸ்லி ரிடில் நிற்கிறார். விபத்தில் ஒரு காலை இழந்த கறுப்பினக் கிட்டார் கலைஞர். கன்ட்ரி இசையின் முதல் குடும்பம் என்று கொண்டாடப்படும் கார்ட்டர் குடும்பத்தின் ஏ.பி. கார்ட்டர், 1928 வாக்கில் அவரைக் கூட்டிக்கொண்டு மலை ஊர்களில் பாட்டுச் சேகரிக்கப் போனார். வார்த்தைகளைக் கார்ட்டர் காகிதத்தில் எழுதிக்கொள்வார். மெட்டு ரிடிலின் தலைக்குள் பதியும். காகிதத்தில் இருந்தவர் பெயரில் பதிப்புரிமை பதிவானது. தலைக்குள் சுமந்தவர் பெயர் இசைத்தட்டில் ஏறவில்லை. நூறு வருடத்துக்கு முன் அமெரிக்கா நடத்திய இந்தப் பாடத்தைத்தான் நம்மவர்கள் இப்போது மனப்பாடமாக ஒப்பிக்கிறார்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பாட்டு ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது என்று இங்கே எவனும் சொல்லவில்லை. செஞ்சிச் சீமையின் கூத்து மேடையில் முழங்கும் ஆர்மோனியமே ஐரோப்பாவிலிருந்து வந்த பெட்டிதான். சினிமா மெட்டைப் பிடித்து அதில் துரியோதனனை ஏற்றி விடியும்வரை ஓட்டுகிற வாத்தியார்கள் இங்கே உண்டு. செஞ்சி ராஜா தேசிங்கின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 1714-ல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி இருபத்திரண்டு வயதில் செத்த ஒரு புந்தேல ராஜபுத்திர இளைஞனையும் அவனோடு செத்த முஸ்லிம் நண்பனையும் இந்த மண்ணின் பாடகர்கள் தங்கள் பிள்ளைகளாக்கிப் பாடினார்கள். சுத்தம் பார்த்திருந்தால் அந்தப் பாட்டே பிறந்திருக்காது. கலப்பு குற்றமில்லை, கணக்குத்தான் குற்றம்.

அந்தத் தேசிங்கு கதைக்கு நடந்ததைப் பாருங்கள். சந்தையிலும் திருவிழாவிலும் பாடித் திரிந்தவர்களின் கதை பெரிய எழுத்துப் புத்தகமாகச் சென்னையில் அச்சாகி விற்றது. 1960-ல் எம்.ஜி.ஆர். நடித்து சினிமாவாகவும் வந்தது. அச்சிட்டவருக்கு லாபம், படம் எடுத்தவருக்கு வசூல், நடித்தவருக்குப் புகழ். பாடியவனுக்குத் துண்டில் விழுந்த சில்லறை. அவன் பெயர் என்ன என்று கேட்டால் எல்லோரும் ஒரே குரலில் சொல்லும் பதில்: மரபு.

மரபு என்பவர் மிக நல்லவர். ராயல்டி கேட்க மாட்டார். மேடையில் நாற்காலி கேட்க மாட்டார். பெயரை ஏன் போடவில்லை என்று அறிக்கை விட மாட்டார். இசை நிறுவனங்களுக்கு இவரைவிட உகந்த பாடலாசிரியர் இதுவரை பிறக்கவில்லை. 2012-ல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் ராயல்டியில் தங்கள் பங்கை எழுதிக் கொடுத்து இழந்துவிட முடியாதபடி செய்தார்கள். நல்ல திருத்தம். ஆனால் அந்தப் பங்கை வாங்க நீங்கள் ஓர் ஆளாக இருக்க வேண்டும். ஊரே சேர்ந்து தலைமுறை தலைமுறையாக இழைத்த பாட்டுக்கு ஆள் இல்லை. ஆள் இல்லாத நிலம் என்றால் இந்த நாட்டில் என்ன ஆகும் என்று தாலுகா ஆபீஸ் வாசலில் நின்ற எவருக்கும் தெரியும். முதலில் வேலி போட்டவன் வாரிசு ஆகிவிடுவான். இதற்கு ஒரு வழி காண உலக அறிவுசார் சொத்து அமைப்பு 2000-ல் ஒரு குழு போட்டது. 2024 மே மாதம் மரபணு வளங்களுக்கும் அவை சார்ந்த மரபறிவுக்கும் ஓர் உடன்படிக்கை வந்தது. விதைக்கும் மூலிகைக்கும் விடிந்தது. பாட்டுக்கும் கூத்துக்கும் இன்னும் கூட்டம் நடந்துகொண்டிருக்கிறது.

ஆள் இருந்தாலாவது நியாயம் கிடைக்குமா? 2021 மார்ச் 7-ல் வெளியான 'எஞ்சாய் எஞ்சாமி' இருக்கிறதே. ஒப்பாரியும் ராப்பும் மின்னிசையும் கலந்து உலகைச் சுற்றிய பாட்டு. அதற்குள் இருப்பது பாடகர் அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய வாழ்க்கை. 1964-ல் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று பிரித்து எழுதினார்களே, அந்த மக்களின் துயரம். அந்தத் துயரத்துக்கு உலகம் ஆடியது. 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழ் அட்டையில் இரண்டு முகங்களைப் போட்டது: அறிவோடு பாடிய தீ, ராப் பாடகர் ஷான் வின்சென்ட் டி பால். பாட்டை எழுதிப் பாடிய அறிவின் முகம் அட்டையில் இல்லை. இயக்குநர் பா. இரஞ்சித் முதல் பலரும் கேள்வி கேட்ட பிறகுதான் அறிவுக்கென்று தனியாக ஒரு மின்னட்டை வந்தது. பந்தியில் இடமில்லை, பார்சல் கட்டித் தருகிறோம் என்ற மரியாதை.

2022 ஜூலை 28. சென்னையில் 44ஆவது செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா. தீயும் நாட்டுப்புறப் பாடகி கிடாக்குழி மாரியம்மாளும் அந்தப் பாட்டைப் பாடினார்கள். அறிவு மேடையில் இல்லை. எழுதியதும் மெட்டுக் கட்டியதும் நான் என்று அறிவு அறிக்கை விட்டார். அறிவு அப்போது வெளிநாட்டில் இருந்தார், பாட்டு கூட்டு முயற்சி, வருமானமும் சமபங்கு என்று இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் பதில் எழுதினார். யார் பக்கம் என்று தமிழ்நாடே இரண்டு கட்சியாகப் பிரிந்து கட்டிப் புரண்டது. 2024 மார்ச்சில் அதே சந்தோஷ் நாராயணன், இந்தப் பாட்டால் எங்கள் யாருக்கும் ஒரு பைசாகூட வரவில்லை என்று இசை நிறுவனத்தைக் குற்றம் சாட்டினார். சமபங்கு என்றது அப்போது துல்லியமாகிவிட்டது. பூஜ்யத்தை மூன்றால் வகுத்தாலும் பூஜ்யம்தான். படித்த, புகழ்பெற்ற, அறிக்கை விடத் தெரிந்த, வழக்கறிஞர் வைத்துக்கொள்ள வசதியுள்ள கலைஞர்களுக்கே கணக்குப் புத்தகம் திறக்கவில்லை என்றால், பனைமரத்தடிக் கிழவிக்கு எந்தப் பக்கத்தைத் திறந்து காட்டுவார்கள்?

2003-ல் 'தூள்' படத்தில் தமிழ்நாட்டையே ஆட வைத்த பரவை முனியம்மா, 2015-ல் உடம்புக்கு முடியாமல் படுத்தபோது அரசின் உதவியை எதிர்பார்த்துத்தான் கிடந்தார். அவரது குரல் இன்றும் ஒலிபெருக்கியில் ஓடுகிறது. ஓடும் குரலுக்கும் படுத்த உடம்புக்கும் நடுவில் ஏதோ ஓர் அலுவலகத்தில் கணக்கு நின்றுபோனது. எந்த அலுவலகம் என்று கேட்க நாதியில்லை.

இதற்கிடையே குளிர்பானக்காரர்களும் பண்பாட்டுக் காவலர்கள் ஆகிவிட்டார்கள். 2017 மார்ச் 1 முதல் கோக்கும் பெப்சியும் விற்க மாட்டோம் என்று தமிழ்நாட்டு வணிகர் சங்கங்கள் அறிவித்தன. தாமிரபரணித் தண்ணீரைப் பாட்டிலில் அடைக்காதே என்று நெல்லையில் குரல் எழுந்த காலம் அது. ஆறு வருடம் கழித்து, 2023-ல், கோக் ஸ்டுடியோ தமிழ் வந்து இறங்கியது. நாட்டுப்புறக் கலைஞர்கள் நல்ல வெளிச்சத்தில், நல்ல ஒலியில் பாடினார்கள். அவர்கள் பாடியதில் குறையில்லை, அவர்களுக்குக் கிடைத்த மேடையிலும் எனக்குப் பொறாமையில்லை. ஆற்றுநீர் கேட்டு அடி வாங்கிய நிறுவனம் ஆற்றங்கரைப் பாட்டைக் கேட்டால் நாம் கைதட்டுகிறோமே, அந்தக் கையைத்தான் பார்க்கிறேன்.

செஞ்சிக்கு வருவோம். ஆல்ஃப் ஹில்டெபெய்டல் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1988-ல் திரௌபதி வழிபாட்டைப் பற்றிய தன் பெரிய ஆய்வின் முதல் தொகுதிக்கு வைத்த தலைப்பில் செஞ்சியிலிருந்து குருட்சேத்திரம் வரை என்ற வரி இருக்கிறது. பாரதப் போர் நடந்த இடத்துக்கு வழி இங்கிருந்து புறப்படுகிறது என்று சிகாகோ பல்கலைக்கழகம் அச்சிட்ட புத்தகம் சொல்கிறது. இங்கே அக்கினி வசந்த விழாவில் பகலில் பாரதம் படிப்பார்கள், ராத்திரியில் கூத்து ஆடுவார்கள். கூத்தில் எந்த ராஜா வந்தாலும் முதலில் திரைக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். கட்டியங்காரன் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் சபைக்குள் கால் வைக்கலாம். சக்கரவர்த்தியானாலும் விலக்கில்லை. கேமராவோடு வரும் ராஜாவையும் ஒருமுறை அப்படி நிறுத்திப் பார்ப்போம். திரையைப் பிடியுங்கள்.

கட்டியங்காரன்: வந்திருக்கறது யாருங்க ராஜா? எந்த தேசம், என்ன பேரு?

ராஜா: அடேய் கட்டியங்காரா! சென்னை மாநகரம், கிழக்குக் கடற்கரைச் சாலையில், குளிரூட்டப்பட்ட ஸ்டுடியோவாகிய சிம்மாசனத்தில் வீற்றிருக்கும் கிட்டார் மகாராஜன் என்று என்னை அறியாயோ!

கட்டியங்காரன்: அறிஞ்சேன் ராஜா. இந்த வெயில்ல எதுக்கு இவ்ளோ தூரம்?

ராஜா: என் வேரைத் தேடி வந்தேனடா!

கட்டியங்காரன்: பல்லு வேருங்களா, மரத்து வேருங்களா?

ராஜா: பண்பாட்டு வேர்!

கட்டியங்காரன்: அது எங்க ஊர்ல எப்பிடிங்க மொளைச்சிது? உங்க தாத்தா இந்தப் பக்கம் வந்து போனாரா?

ராஜா: வாயை அடக்கு! உன் பாட்டை உலகம் முழுவதும் கொண்டு போகப் போகிறேன்.

கட்டியங்காரன்: கொண்டு போங்க ராஜா. அங்கேருந்து இங்க என்ன கொண்டாருவீங்க?

ராஜா: உனக்கு வெளிச்சம் கிடைக்கும்.

கட்டியங்காரன்: விடிய விடிய கூத்தாடறவனுக்கு வெளிச்சம் காலையில ஆறு மணிக்குத் தானா வந்துடும். ராத்திரிக்கு என்ன கூலி?

ராஜா: சீச்சீ, இது கலைப்பயணம். இதில் பணம் பேசலாமா?

கட்டியங்காரன்: அந்தப் பறக்கற கேமராக்காரருக்கு?

ராஜா: அவருக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று பேசியிருக்கிறோம்.

கட்டியங்காரன்: டீ வாங்கியாற தம்பிக்கு?

ராஜா: பேட்டா உண்டு.

கட்டியங்காரன்: அப்ப கலைப்பயணம் எனக்கு மட்டும்தானுங்களா?

ராஜா: வருந்தாதே. பாடல் என்ற இடத்தில் உனக்கு மரியாதை செய்வோம். மரபு என்று போடுவோம்.

கட்டியங்காரன்: எங்க ஆயா எனக்கு வெச்ச பேரு அது இல்லீங்களே. ரேசன் கார்டுல ஒண்ணு, உங்க படத்துல ஒண்ணுன்னா நாளைக்கி நான் யாருன்னு எவன் நம்புவான்?

திரையை விடுங்கள். ராஜாவுக்கு ஃபோன் வந்துவிட்டது.

எல்லா ராஜாவும் இப்படியில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2018 ஜனவரி 6-ல் சென்னை கீழ்ப்பாக்கத்தில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதல் மேடை ஏறியது. ராக் பக்கத்திலிருந்து வந்த டென்மா, பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையத்தோடு சேர்ந்து அமைத்த குழு. கானா பாடகர்கள் அங்கே பின்னணிக் காட்சி இல்லை. கோட்டு போட்டுக்கொண்டு மேடையின் நடுவில் நின்றார்கள், தங்கள் பெயரோடு, தங்கள் கோபத்தோடு, சாதியை நேருக்கு நேர் கேட்கும் தங்கள் வரிகளோடு. ஆக, கிட்டாரும் கானாவும் ஒரே மேடையில் மரியாதையாக நிற்க முடியும். முடியாது என்பவர்களுக்கு முடியாமை இல்லை, மனமில்லை.

இந்த வியாபாரத்தில் இசைக்காரர்களை மட்டும் திட்டிவிட்டுத் தப்பிக்க நமக்கும் உரிமையில்லை. சென்னை மாலில் பறையடித்தால் எழுந்து ஆடுகிற அதே கால், சொந்த ஊரில் அதே பறைக்காரர் தெருவுக்குள் வந்தால் பின்வாங்குகிறது. நகரத்தில் பறை ஆதி இசை. ஊரில் அது இன்னும் சாவு வீட்டு வேலை. அடிக்க மாட்டேன் என்று ஓர் இளைஞன் சொன்னால் பஞ்சாயத்து கூடும். திருமணத்தில் டி.ஜே. வைத்து ஒப்பாரியை ரீமிக்ஸில் ஓட்டுவோம். அந்த ஒப்பாரியைப் பாடுகிறவளுக்குத் தனி டம்ளர் வைப்போம். கிட்டார் சேரிக்குள் போகப் பாலம் போட்டாயிற்று. பறை அக்கிரகாரத்துக்கும் சபாவுக்கும் வர அந்தப் பாலத்தில் எதிர்வழி கிடையாது. வேர் வேர் என்று எல்லோரும் உருகுகிறார்கள். அந்த வேர் எந்தத் தெருவில் ஓடுகிறது என்று கேட்டால் மட்டும் எல்லோருக்கும் காது அடைத்துக்கொள்கிறது.

அரசாங்கமும் தன் பங்கைச் செய்துவிட்டது. 2007-ல் நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு நல வாரியம் அமைத்தது. 2025-ல் பறைக்கு வேலு ஆசானும் தெருக்கூத்துக்குப் புரிசை கண்ணப்ப சம்பந்தனும் பத்மஸ்ரீ வாங்கினார்கள். மனதாரக் கைதட்டுவோம், அவர்கள் அதற்குத் தகுதியானவர்கள். ஆனால் பதக்கம் ஒருவர் நெஞ்சில் தொங்கும். கூத்துக் குழுவான ஜமாவில் பத்துப் பதினைந்து பேர். கல்யாண முருங்கைக் கட்டையில் கிரீடமும் புஜக்கட்டையும் செதுக்குகிறவர், முகவீணை ஊதுகிறவர், தாளம் போடுகிறவர் என்று எல்லோருக்கும் ஆடி முடிந்தால் அடுத்த பங்குனிவரை கட்டிட வேலைதான். கேமரா வண்டிகள் வருவதும் அந்த இடைவெளியில்தான். கை காய்ந்திருக்கும்போது பேரம் படியும் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

செஞ்சியிலும் மேல்மலையனூரிலும் சுற்றுப்பட்டிலும் இருக்கும் கூத்து வாத்தியார்களுக்கும் பம்பைக்காரர்களுக்கும் ஒப்பாரி பாடும் அம்மாக்களுக்கும் இதைச் சொல்கிறேன். கூத்துக்கு உங்களை அமர்த்துகிறவன்கூட வெற்றிலை பாக்கில் முன்பணம் வைத்துத்தான் பேச்சைத் தொடங்குகிறான். கோட்டைக்கு உலகப் பெயர் கிடைத்துவிட்டதால் இனி கேமராக்கள் கூட்டமாக வரும். வருகிறவனிடம் மூன்றே மூன்றைக் கேளுங்கள். பாடகர் பெயர் வரும் இடத்தில் உங்கள் பெயர், ஜமாவின் பெயர், ஊரின் பெயர். பாட்டு ஓடும் காலமெல்லாம் வருமானத்தில் பங்கு, அதுவும் தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்ட தாளில். அந்தப் பாட்டு சென்னையிலோ லண்டனிலோ மேடை ஏறினால் அங்கே உங்களுக்கு ஓர் ஒலிவாங்கி. மூன்றில் ஒன்றுக்குத் தலையைச் சொறிந்தாலும் ஆர்மோனியப் பெட்டியை மூடிவிடுங்கள். வேர் தேடி வந்தவர் வேறு ஊர் பார்த்துக்கொள்ளட்டும்.